செல்போன் தடை: பாரம் யார் தலையில்?

நியூயார்க் நகரின் சில உயர்நிலைப் பள்ளிகளுக்கு அருகே, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளி நாட்களின் காலையில் ஒரு வேன் வந்து நிற்கும். மாணவர்கள் அதன் பக்கவாட்டு ஜன்னல் முன் வரிசை கட்டி நிற்பார்கள். செல்போனை அணைத்து உள்ளே நீட்டி, ஒரு டாலர் கட்டி, அடையாளச் சீட்டை வாங்கிப் பையில் செருகிக்கொண்டு பள்ளிக்குள் போவார்கள். மாலையில் அதே வரிசை, அதே சீட்டு, அவரவர் போன் அவரவர் கைக்குத் திரும்பும். வேன் வராத பேட்டைகளில் மூலைக்கடைக்காரர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதற்குள் நூறு போன்கள். நகரத்து மாணவர்கள் இப்படிக் கட்டும் காசு ஆண்டுக்கு ஏறத்தாழ 42 லட்சம் டாலர் என்று 2012-இல் அந்நகரத்து நாளேடு ஒன்று கணக்குப் போட்டது. அதே ஆண்டு பிராங்ஸ் பகுதியில் இப்படியொரு வேனைத் துப்பாக்கி முனையில் மறித்து, அதிலிருந்த மாணவர்களின் போன்களைக் கொள்ளையடித்துப் போனார்கள்.

பள்ளிக்குள் செல்போனுக்குத் தடை இருந்தது. பள்ளிக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் பிள்ளைக்கு போன் தேவைப்பட்டது. இந்த இரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளியைப் பள்ளி நிரப்பவில்லை, வேன்காரர் நிரப்பினார். அதற்கான விலையைப் பிள்ளை கொடுத்தது. ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் என்றால் 180 டாலர். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் 540 டாலர்.

பள்ளிகளில் செல்போனைக் கட்டுப்படுத்துவது பற்றி இன்று உலகம் முழுக்க விவாதம் நடக்கிறது. யுனெஸ்கோவின் கணக்குப்படி 2024 இறுதியில் 79 கல்வி அமைப்புகள், அதாவது உலகில் சுமார் 40 விழுக்காடு, ஏதோ ஒரு வகைத் தடையைச் சட்டமாகவோ கொள்கையாகவோ கொண்டுவந்துவிட்டன. தடை வேண்டுமா வேண்டாமா என்பதுதான் பெரும்பாலான விவாதங்களின் அச்சாக இருக்கிறது. என் பார்வையில் அந்தக் கேள்விக்கு விடை ஓரளவு தெளிவாகிவிட்டது: பள்ளி நேரத்தில் மாணவர் கையில் போன் இருக்கத் தேவையில்லை. மிச்சமிருக்கும் கேள்விதான் கடினமானது. அந்தத் தடையின் பாரத்தை யார் சுமப்பது? மாணவரா, வகுப்பாசிரியரா, பள்ளி நிர்வாகமா, அரசா? நியூயார்க் நகரம் இருபது ஆண்டுகளில் இதற்கு மூன்று விடைகளை முயன்று பார்த்திருக்கிறது. ஒரே நகரம் தடை விதித்து, தடையை நீக்கி, மறுபடியும் தடைக்குள் வந்த கதை என்பதால், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது பயன் தரும்.

செல்போனுக்கு முன் பேஜர் இருந்தது. 1980-களின் இறுதியில் போதைப்பொருள் விற்பவர்களின் கருவி என்ற அச்சத்தில் அமெரிக்கப் பள்ளிகள் பலவும் பேஜரைத் தடை செய்தன. மேரிலாந்து மாநிலம் 1989-இல் சட்டமே இயற்றியது. பத்து ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. 2001 செப்டம்பர் 11-இல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத் தாக்குதல். பிள்ளையின் குரலை உடனே கேட்க வேண்டும் என்ற பெற்றோரின் தவிப்புக்கு முன் பழைய விதிகள் நிற்கவில்லை. கலிபோர்னியா 2002-இல் மாநிலத் தடையை விலக்கிக்கொண்டது.

நியூயார்க் நகரம் எதிர்த்திசையில் போனது. மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கும் பள்ளிக் கல்வித் தலைவர் ஜோயல் கிளைனும் தடையை இறுக்கினார்கள். 2006 வசந்தத்தில், ஆயுதங்களைக் கண்டுபிடிப்பதற்காக முன்னறிவிப்பில்லாமல் பள்ளிகளுக்கு உலோகச் சோதனைக் கருவிகளை அனுப்பினார்கள். அவற்றில் ஆயுதங்களைவிடப் பல மடங்கு அதிகமாகச் சிக்கியவை செல்போன்கள். பெற்றோர் கொதித்தார்கள். அந்நகரத்துப் பிள்ளைகளில் பலர் பள்ளி வேனில் போய் வருகிறவர்கள் அல்லர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தனியாகச் சுரங்க ரயில் ஏறி ஒரு மணி நேரம் பயணம் செய்கிறவர்கள். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். பள்ளியில் பயன்படுத்த அனுமதி வேண்டாம், போகவர வைத்திருக்கவாவது உரிமை வேண்டும் என்பதுதான் அவர்களின் வாதம். கீழ் நீதிமன்றம் 2007-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இலும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. நகர மன்றம் பெற்றோர் பக்கம் நின்று 2007-இல் ஒரு சட்டம் இயற்றியது. மேயர் அதை நிராகரிக்க, மன்றம் அவரையும் மீறி நிறைவேற்றியது. நடைமுறையில் எதுவும் மாறவில்லை.

இந்தத் தடையின் அநீதி அதன் அமலாக்கத்தில் இருந்தது. விதி எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றுதான். ஆனால் உலோகச் சோதனை வாசல் நிரந்தரமாக நின்றது சில பள்ளிகளில் மட்டும்; அவற்றில் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்தார்கள். மற்றப் பள்ளிகளில் போன் பைக்குள் இருந்தால் ஆசிரியர் கேட்கமாட்டார், மாணவரும் காட்டமாட்டார். வசதியான பிள்ளை போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனது. ஏழைப் பிள்ளை வேன் முன் வரிசையில் நின்று தினம் ஒரு டாலர் கட்டியது. 2013 தேர்தலில் மேயர் வேட்பாளர் பில் டி பிளாசியோ இந்தத் தடையை நீக்குவேன் என்று வாக்குறுதி அளித்தார். தன் மகனும் விதியை மீறிப் பள்ளிக்கு போன் கொண்டுபோகிறான் என்பதை வெளிப்படையாகவே சொன்னார். 2015 மார்ச்சில் தடை நீங்கியது. அன்றோடு வேன்காரர்களின் தொழிலும் முடிந்தது.

இரண்டாவது விடை அப்போது தொடங்கியது. நகரத் தடைக்குப் பதிலாக ஒவ்வொரு பள்ளியும் தனக்கேற்ற விதியை வகுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அமெரிக்கா முழுவதும் அன்று இதே மனநிலைதான்: பாடத்துக்குத் தொடர்பில்லாத செல்போன் பயன்பாட்டைத் தடை செய்த அரசுப் பள்ளிகள் 2009-10-இல் 91 விழுக்காடு, 2015-16-இல் 66 விழுக்காடு. போனையே கற்றல் கருவியாக்கிவிடலாம் என்ற நம்பிக்கை நிலவிய காலம் அது. பிறகு பயம் வந்து, 2019-20-இல் அந்த எண் மறுபடி 77-க்கு ஏறியது.

எண் ஏறியதே தவிர, வகுப்பறை மாறவில்லை. விதி வகுக்கும் உரிமையைப் பள்ளிகளுக்குக் கொடுத்தபோது, பள்ளிகள் பலவும் அதை ஆசிரியர்களுக்குத் தள்ளிவிட்டன. முதல் பீரியடு கணக்கு ஆசிரியர் போனைப் பார்த்தால் பிடுங்கி மேசையில் வைத்துவிடுவார். இரண்டாம் பீரியடு வரலாற்று ஆசிரியர் கண்டும் காணாமல் விடுவார். மூன்றாம் பீரியடில் போனை எடுத்துத் தேடிப்பார்க்கச் சொல்வார்கள். ஒரே நாளில் ஒரே பிள்ளைக்கு மூன்று சட்டம். இதில் கண்டிப்பான ஆசிரியர்தான் கெட்டவர். நாற்பது நிமிட வகுப்பில் ஐந்து பேரிடம் போனுக்காக மல்லுக்கட்டினால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்? பியூ ஆய்வு மையம் 2023 இலையுதிர்காலத்தில் கேட்டபோது, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களில் 72 விழுக்காட்டினர் செல்போன் கவனச்சிதறலைத் தங்கள் வகுப்பின் பெரிய பிரச்சினை என்றார்கள். பள்ளியில் விதி இருந்தும் அதை நடைமுறைப்படுத்துவது கடினம் என்றவர்கள் 60 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். விதி இருக்கிறது, அதை நிறைவேற்றும் பாரம் முழுவதும் தனியொரு ஆசிரியரின் தலையில் இருக்கிறது.

இதற்குள் ஆய்வுகளும் குவியத் தொடங்கியிருந்தன. முதலில் பெரிய கவனம் பெற்றது 2015-இல் லூயி-பிலிப் பெலாண்டும் ரிச்சர்ட் மர்ஃபியும் லண்டன் பொருளியல் பள்ளி வழியே வெளியிட்ட ஆய்வு. லண்டன், பர்மிங்காம், லெஸ்டர், மான்செஸ்டர் நகரங்களின் 91 பள்ளிகளில் தடை வருவதற்கு முன்னும் பின்னும் பதினாறு வயது மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஒப்பிட்டார்கள். தடைக்குப் பிறகு மதிப்பெண் சராசரியாக ஒரு திட்ட விலக்கத்தில் 6.4 விழுக்காடு உயர்ந்தது. சிறிய உயர்வுதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதே செய்தி. முன்பே குறைந்த மதிப்பெண் வாங்கிய கடைசி ஐந்தில் ஒரு பங்கு மாணவர்களுக்கு உயர்வு அதே அளவீட்டில் 14 விழுக்காடு. முன்வரிசை மாணவர்களுக்கு ஒன்றுமில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை போன் பக்கத்தில் இருந்தாலும் சமாளித்துவிடுகிறது. ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைக்கு ஒவ்வொரு சிதறலும் ஒரு படி இறக்கம்.

இந்த ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு தடையைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அவர்கள் சுவீடனையும் பார்க்க வேண்டும். இதே முறையைப் பின்பற்றி அங்கே செய்து 2020-இல் வெளியான ஆய்வில் மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் தென்படவில்லை. ஸ்பெயினில் கலீசியா, காஸ்டில்-லா மாஞ்சா என்ற இரு பகுதிகள் 2015-இல் தடை விதித்தன. அங்கே பிள்ளைகளுக்கிடையிலான சீண்டலும் கொடுமைப்படுத்தலும் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். நார்வேயில் சாரா ஆப்ரஹாம்சன் 2024-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. அங்கே தடை வந்த நடுநிலைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் உளவியல் சிகிச்சைக்குப் போவது குறைந்தது, அவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. கொடுமைப்படுத்தல் ஆண், பெண் இருபாலரிடமும் குறைந்தது. பலன் அதிகம் கிடைத்தது வருமானமும் கல்வியும் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு. இங்கிலாந்தில் கண்டதும் நார்வேயில் கண்டதும் இந்த இடத்தில் சந்திக்கின்றன.

மறுபக்கம் பர்மிங்காம் பல்கலைக்கழகம் 2025 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு. விக்டோரியா குட்இயர் தலைமையில் 30 பள்ளிகளின் 1,227 மாணவர்களைப் பார்த்தார்கள். போனைக் கட்டுப்படுத்திய பள்ளி, அனுமதித்த பள்ளி என்று ஒப்பிட்டதில் மாணவர்களின் மனநலத்தில் வேறுபாடு இல்லை. கட்டுப்பாடுள்ள பள்ளிகளில் பள்ளி நேரத்துப் பயன்பாடு சுமார் 40 நிமிடம் குறைந்திருந்தது. ஒரு நாளின் மொத்தப் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. "தடையால் பயனில்லை" என்று பல ஊடகங்கள் இதைத் தலைப்பாக்கின. அந்த வாசிப்பை நான் ஏற்கவில்லை. பள்ளி பிள்ளையின் ஒரு நாளில் ஆறு, ஏழு மணி நேரம் மட்டுமே. இரவு பன்னிரண்டு மணிவரை படுக்கையில் போன் பார்க்கிற பிள்ளையின் மனநலத்தைக் காலை ஒன்பது மணிப் பள்ளி விதி மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு. பள்ளித் தடையைப் பள்ளி வேலைக்காகவே மதிப்பிட வேண்டும்: வகுப்பில் கவனம் கூடியதா, இடைவேளையில் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களா, பின்வரிசைப் பிள்ளைக்குப் பாடம் புரிகிறதா? தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் பள்ளிப் பூட்டு மருந்தாகாது. மருந்து என்று விற்பவர்கள், நாளை அது பலிக்காதபோது தடையின் மேல் உள்ள நம்பிக்கையையும் சேர்த்துக் கெடுத்துவிடுவார்கள்.

கவனச்சிதறல் பற்றி 2022-இல் நடந்த பன்னாட்டு மாணவர் தேர்வான பீசாவின் தரவு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி நாடுகளில் சராசரியாக 65 விழுக்காடு மாணவர்கள், சில கணக்கு வகுப்புகளிலாவது மின்கருவிகளால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொன்னார்கள். அடுத்தவர் கையிலுள்ள கருவியால் தன் கவனம் சிதறுவதாகச் சொன்னவர்கள் 59 விழுக்காடு. இவர்களின் கணக்கு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சராசரியாக 15 புள்ளி குறைவு. செல்போன் வைத்திருப்பது தனிமனித விருப்பம், யார் வேண்டுமோ அவர் கட்டுப்படுத்திக்கொள்ளட்டும் என்கிற வாதம் இந்த எண் முன் நிற்காது. போனே இல்லாத பிள்ளையும் பக்கத்துப் பெஞ்சின் திரை வெளிச்சத்தில் பாடத்தை இழக்கிறது. கையிலிருக்கிற போனை விட முடியாமல் தவிக்கிற பிள்ளைகளுக்கும் "எல்லோருக்கும் சேர்த்து ஒரே விதி" என்பது ஒரு விடுதலை. தான் மட்டும் போனை வைத்துவிட்டால் குழுவில் என்ன பேசுகிறார்களோ என்ற பதற்றம் இருக்கும். யார் கையிலும் இல்லையென்றால் அந்தப் பதற்றத்துக்கு இடமில்லை.

நெதர்லாந்து இதை மிக எளிய விதியாக்கியது: போன் வீட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் லாக்கரில் இருக்கட்டும். 2024 ஜனவரியில் உயர்நிலைப் பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த இதைப் பற்றி 2025-இல் 317 பள்ளிகளிடம் கேட்டார்கள். கவனம் கூடியதாக 75 விழுக்காடு பள்ளிகளும், பள்ளியின் சமூகச் சூழல் மேம்பட்டதாக 59 விழுக்காடும், படிப்பு முடிவுகள் உயர்ந்ததாக 28 விழுக்காடும் கூறின. இவை நிர்வாகிகளின் கருத்துகள், அளந்தெடுத்த முடிவுகள் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் வரிசை கவனிக்கத்தக்கது. கவனம் முதலில் வருகிறது, பேச்சும் பழக்கமும் அடுத்து, மதிப்பெண் கடைசியில். பிரான்சும் இதே பாதைக்கு வந்து சேர்ந்தது. அங்கே 2018 சட்டம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் போனைப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆனால் போன் பைக்குள்ளேயே இருந்தது, கழிப்பறையில் வெளியே வந்தது. 2024-இல் சுமார் 200 பள்ளிகளில், காலையில் வாங்கி வைத்து மாலையில் திருப்பித் தரும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார்கள். பைக்குள் போனை விட்டுவிட்டு அதை எடுக்காதே என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்வது, ஆறு மணி நேரமும் அந்தப் பிள்ளையைத் தன்னோடு தானே போராடச் சொல்வதாகும்.

இனி நியூயார்க்கின் மூன்றாவது விடை. 2025 மே மாதத்தில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் மாநிலம் முழுமைக்குமான சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் செப்டம்பர் முதல், முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை, வகுப்பிலும் உணவு வேளையிலும் நடைகூடத்திலும், இணைய வசதியுள்ள சொந்தக் கருவி மாணவர் கையில் இருக்கக் கூடாது. இதுவரை பார்த்தால் 2006-ஐப் போலவே கடுமையான தடை. ஆனால் சட்டத்தின் மற்ற ஷரத்துகளைப் படித்தால் பழைய காயம் ஒவ்வொன்றுக்கும் அங்கே கட்டுப்போட்டிருப்பது தெரியும். போனை வைக்கப் பள்ளியே இடம் தர வேண்டும். அதற்காக மாநிலம் 1 கோடியே 35 லட்சம் டாலர் ஒதுக்கியது. அவசரத்துக்குப் பெற்றோர் பிள்ளையைத் தொடர்புகொள்ளும் வழியைப் பள்ளி முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விதியை வகுக்கும்போது ஆசிரியர், பெற்றோர், மாணவர் மூவரையும் கலந்து பேச வேண்டும். போன் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக எந்த மாணவரையும் இடைநீக்கம் செய்யக் கூடாது. உடல்நலத் தேவை, மாற்றுத்திறன், மொழிபெயர்ப்புத் தேவை, வீட்டில் யாரையாவது பராமரிக்கும் பொறுப்பு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகள் பலருக்கு, உடலில் ஒட்டிய உணரி இரத்தச் சர்க்கரை அளவை போனுக்குத்தான் அனுப்புகிறது. அந்த போனைப் பூட்டி வைக்க முடியாது.

இந்தச் சட்டம் இருபது ஆண்டு அனுபவத்தின் பலன். முன்பு பிள்ளை கட்டிய ஒரு டாலரை இப்போது அரசு கட்டுகிறது. முன்பு ஆசிரியர் தனியாகச் செய்த சண்டையை இப்போது பள்ளி வாசலிலேயே முடித்துவிடுகிறார்கள். இதன் மதிப்பெண் பலனை அளக்க இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். ஆனால் பாரத்தைச் சுமக்க வேண்டியவர் சுமக்கிறார் என்ற அளவில் இது சரியான திசை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரேசிலில் 2025 ஜனவரியில் தேசியச் சட்டம் வந்தது. தென்கொரியா அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் இயற்றி, 2026 மார்ச்சில் தொடங்கும் கல்வியாண்டை நடைமுறைக்கு வரும் நாளாகக் குறித்தது. இன்னும் பல நாடுகள் வரிசையில் இருக்கின்றன. அவை விதியை மட்டும் எழுதுகின்றனவா, பெட்டகத்துக்கும் பணம் ஒதுக்குகின்றனவா என்பதைப் பார்த்தாலே எது நிலைக்கும் என்று சொல்லிவிடலாம்.

நம் ஊருக்கு வருவோம். இங்கே விதி புதிதல்ல. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளில் செல்போனைக் கட்டுப்படுத்தச் சொல்லி 2009-லேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2023-இல் கல்வியில் தொழில்நுட்பம் பற்றிய யுனெஸ்கோ அறிக்கை வெளியான சில வாரங்களில் ஆந்திர அரசு மாணவர்களுக்கு முழுத் தடை விதித்து, வகுப்பறையில் ஆசிரியர்களின் போனுக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025-இல் ஒரு மாணவரின் வழக்கில், முழுத் தடை விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்துவருவதும் இல்லை என்று சொல்லி, இயன்ற இடங்களில் பள்ளியில் ஒப்படைத்து மாலையில் பெற்றுக்கொள்ளலாம், வகுப்பிலும் பொது இடங்களிலும் பள்ளி வாகனத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. "கொண்டுவராதே" என்பதற்கும் "கொண்டுவந்தால் கொடுத்துவிட்டுப் போ" என்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குப் பள்ளி விட்டு, டியூஷன் முடித்து, எட்டு மணி டவுன் பஸ்ஸில் ஊர் திரும்புகிற பெண்பிள்ளையிடம் போன் கொண்டுவராதே என்று சொல்ல எந்தப் பள்ளிக்கும் தார்மீக உரிமை இல்லை. ஹெச்.எம். அறையில் ஒரு பூட்டுள்ள பீரோ, வகுப்பு வாரியாகப் பெயர் எழுதிய துணிப்பைகள், ஒரு பதிவேடு, பொறுப்புக்கு ஒருவர்: இவ்வளவுதான் செலவு.

நம் நாட்டில் பிரச்சினையின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. ஊரகக் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் பள்ளி மாணவர்களின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது 2018-இல் 36.5 விழுக்காடு, 2021-இல் 67.6 விழுக்காடு. மூன்றே ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்கு. இடையில் என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன; தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். கடன் வாங்கியும் தவணையிலும் பெற்றோர் போன் வாங்கிக் கொடுத்தது படிப்புக்காக. படிப்பு பள்ளிக்குத் திரும்பிவிட்டது. போன் பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. 2024 அசர் ஆய்வில், ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரத்தில் போனைப் படிப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. அதே ஆய்வில், போனை இயக்கத் தெரிந்த 14 வயதுப் பிள்ளைகளில் சொந்தமாக போன் உள்ளவர்கள் 27 விழுக்காடுதான். மற்றப் பிள்ளைகளுக்கு அது அப்பாவின் போன், அம்மாவின் போன், அண்ணனின் போன்.

இந்தச் சூழலில், பகலில் செல்போன் தீது என்று அறிவிக்கிற பள்ளிகளே மாலையில் அதே போன் வழியாக வீட்டுப்பாடம் அனுப்புகின்றன. ஊரடங்கு நாட்களில் தொடங்கிய வகுப்பு வாட்ஸ்அப் குழு இன்னும் பல பள்ளிகளில் உயிரோடு இருக்கிறது. ஆறு மணிக்கு அறிவியல் கேள்விகள் படமாக வரும். ஏழரைக்கு, நாளை கொண்டுவர வேண்டிய சார்ட் பேப்பர் பற்றிக் குரல் செய்தி. எட்டரைக்கு நாளைய சிறுதேர்வின் பாடப்பகுதி. வீட்டில் ஒரே போன். அதை வைத்திருக்கிற அப்பா வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வருகிறார். அதுவரை பிள்ளைக்கு வீட்டுப்பாடம் என்னவென்றே தெரியாது. வந்ததும் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், கேள்வியை எழுதி முடித்த கையோடு விரல் ரீல்ஸுக்குப் போகிறது. பிடுங்கினால், "ஹோம்வொர்க் பாக்கறேன்ப்பா" என்று பதில். அப்பாவால் மறுக்க முடியாது. பள்ளியே கொடுத்த சாக்கு அது. நியூயார்க்கில் வேன் வாசலில் நின்ற பாரம், இங்கே இரவு ஒன்பது மணிக்கு ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் இறங்குகிறது.

இதைச் சொல்லும்போது ஆசிரியர்களைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் மாணவர் வருகையைப் பதிவதே செல்போன் செயலியில்தான். இன்னும் பல பதிவுகளும் அதே கருவி வழியாகத்தான் போகின்றன. வகுப்பு நடுவில் ஆசிரியர் போனைக் குனிந்து பார்க்கிறார் என்றால் அதில் பாதி, துறை கேட்ட தகவலாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதற்குத் தெரிவது, தனக்கு மறுக்கப்பட்ட பொருள் ஆசிரியர் கையில் இருக்கிறது என்பது மட்டும்தான். இந்தப் பதிவு வேலைகளை வகுப்பு நேரத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டியது துறையின் கடமை. அலுவலகத்தில் ஒரு கணினியும் அதற்கென ஒரு ஆளும் இருந்தால் ஆசிரியர் வெறுங்கையோடு வகுப்புக்குப் போகலாம்.

பாதுகாப்பு பற்றிய பெற்றோரின் அச்சத்தையும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆபத்து நேரத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே சமயத்தில் போனில் பேசினால் பீதியும் வதந்தியும்தான் பரவும், ஆசிரியர் சொல்வது காதில் விழாது என்று அமெரிக்கப் பள்ளிப் பாதுகாப்பு ஆலோசகர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஆனால் அந்த வாதத்தைச் சொல்லும் தகுதி, அலுவலகத் தொலைபேசி அடித்தால் எடுக்கிற பள்ளிக்குத்தான் உண்டு. நம் பள்ளிகள் பலவற்றில் அந்த மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளில்லை. பெற்றோரின் கையைப் பிடித்து நம்புங்கள் என்று சொல்வதற்கு முன் அந்த ஒரு ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பெற்றோரே பெரும்பான்மை உறுப்பினர்களாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. தனியார் பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளை கொண்டுவரும் போனைக் காலையில் வாங்கி வைத்து மாலையில் தரப் பள்ளியில் பூட்டுள்ள ஓர் இடம் இருக்கிறதா? அவசரம் என்றால் நான் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், யார் எடுப்பார்கள்? வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே டைரியில் எழுதிக்கொடுத்துவிட்டு, மாலை வாட்ஸ்அப் குழுவை எந்தத் தேதியிலிருந்து நிறுத்தப் போகிறீர்கள்? மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை, பிள்ளையின் போனைப் பறித்துக் கரும்பலகை முன் நிறுத்தித் திட்டுகிற வழக்கத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.